ஏறி நிற்கும் றகரம்

கவிதை எழுதுகிறவருக்கு ஒரு கஷ்டம் என்றால், அதைத் தட்டச்சு அடித்துக் கொடுக்கிறவருக்கு மூன்று கஷ்டம்: அடிக்கும்போது ஒன்று, திரும்பி வரும்போது ஒன்று, திரும்பி வந்ததை எழுதியவர் கையில் கொடுக்கும்போது ஒன்று. கள்ளக்குறிச்சி பஸ் நிலையத்துக்குப் பின்னால், ஒரு மாடியில் இருந்த தட்டச்சு நிலையத்தில் நான் ‘டீச்சர்’. காலையிலும் மாலையிலும் லோயர், ஹையர் பரீட்சைக்கு வரும் பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுக்க வேண்டும். நடுவில் மனு, பத்திர நகல் அடிக்க வேண்டும். அந்த நடுவுக்கும் நடுவில் கவிஞர்கள் வருவார்கள்.

இடஒதுக்கீடு கேட்டு ஊர்வலமும் மறியலுமாக எங்கள் பக்கம் கொதித்துக்கொண்டிருந்த வருஷங்கள் அவை. அந்தக் கொதிப்பிலும் சின்னச் சின்ன ஊர்களிலிருந்து இலக்கியப் பத்திரிகைகள் வந்துகொண்டுதான் இருந்தன. காலாண்டிதழ் என்று அட்டையில் போட்டிருக்கும். அடுத்த இதழ் எப்போது வரும் என்று ஆசிரியருக்கே தெரியாது. அதற்குக் கவிதை அனுப்பிவிட்டு, தபால்காரரின் சைக்கிள் மணியைக் கேட்டாலே வாசலுக்கு ஓடியவர்கள் உங்களில் இருப்பீர்கள். உங்களுக்காகத்தான் இதை எழுதுகிறேன். மற்றவர்கள் சிரித்துவிட்டுப் போகட்டும்.

எனக்கும் ஓர் ஆசை இருந்தது. அடுத்தவர் பெயரையே அடித்துக்கொண்டிருந்த எனக்கு, என் பெயர் ஒரே ஒரு தடவை ஒரு கவிதைக்குக் கீழே அச்சில் வந்தால் போதும், அதைக் கொண்டுபோய் அம்மாவிடம் காட்ட வேண்டும். அவ்வளவுதான் ஆசை. பெரிதாக ஒன்றும் கேட்டுவிடவில்லை என்றுதான் இன்றைக்கும் நினைக்கிறேன்.

செல்வி மலர்மதி

முதலில் வந்தவர் சேகர். மணலூர்பேட்டைக்காரர். கள்ளக்குறிச்சியில் ஓர் உரக்கடையில் கணக்கு எழுதிக்கொண்டு, ராத்திரி அந்த மூட்டைகளுக்கு நடுவிலேயே படுத்துக்கொள்வார். ஆள் ஒல்லி, மீசை மட்டும் இரண்டு ஆளுக்குப் போதும். ஒருநாள் நாலாக மடித்த தாளை நீட்டினார். காதலன் வரும் வழியைப் பார்த்து ஒரு பெண் கண் பூத்துப்போகிற கவிதை. கீழே ‘செல்வி மலர்மதி’ என்று இருந்தது. தங்கச்சியா என்று கேட்டேன். தலையைச் சொறிந்தார்.

அப்போது அது ஊரறிந்த உபாயம்தான். பெண் பெயரைக் கண்டால் ஆசிரியர்கள் இரக்கப்படுவார்கள் என்று மீசைக்காரர்களுக்கெல்லாம் ஒரு நம்பிக்கை. பொய் என்றும் சொல்ல முடியாது. மலர்மதியின் கவிதை அடுத்த இதழிலேயே வந்துவிட்டது. கூடவே ஆசிரியரிடமிருந்து ‘அன்புச் சகோதரிக்கு’ என்று இரண்டு பக்கப் பாராட்டு. சேகர் நல்ல மனுஷர். மனசு கேட்காமல், நான் ஆண்தான், மன்னிக்க வேண்டும் என்று உண்மையை எழுதிப் போட்டுவிட்டார். அதற்குப் பதிலே வரவில்லை. அந்த உண்மை என் தலையில் வந்து விடியும் என்று எங்கள் இருவருக்கும் அன்றைக்குத் தெரியாது. இந்த வேலை எதற்கு, சொந்தப் பெயரிலேயே அனுப்பக் கூடாதா என்று மட்டும் கேட்டேன்.

“ஆம்பள பேரப் பாத்தா கவரையே பிரிக்க மாட்டேன்றாங்க டீச்சர். ஒங்களுக்கு இன்னா கொறச்சல், பொறக்கும்போதே தேன்மொழின்னு வெச்சிட்டாங்க.”

வீட்டு முகவரி வேண்டாம்

கவிதையோடு சொந்த முகவரி எழுதித் தபால்தலை ஒட்டிய கவர் ஒன்றையும் வைத்து அனுப்ப வேண்டும். பிடிக்கவில்லை என்றால் அதில் போட்டுத் திருப்பிவிடுவார்கள். தன் பாடைக்குத் தானே மூங்கில் வெட்டிக் கொடுப்பது மாதிரியான ஏற்பாடு. ரிஷிவந்தியத்தில் நிலபுலன் உள்ள வீட்டுப் பிள்ளை ஒருவர், வீட்டு முகவரியையே எழுதி வந்தார். திரும்பி வந்த கவரை அவர் அப்பா பிரித்து, களத்தில் நெல் தூற்றிக்கொண்டிருந்தவர்களுக்கு உரக்கப் படித்துக் காட்டிவிட்டார். கூலி வாங்க வந்த பெண்கள் ஒரு வாரம் அதைச் சொல்லிச் சொல்லிச் சிரித்தார்களாம்.

அதற்குப் பிறகு அவர் எங்கள் தட்டச்சு நிலையத்தின் முகவரியைக் கொடுத்தார். பெண் பெயருக்கு உரக்கடையில் தபால் வந்தால் வம்பு என்று, மலர்மதிக்காகச் சேகர் முன்பே கொடுத்திருந்ததும் அதுதான். இவர்களைப் பார்த்து இன்னும் சிலர். அப்புறம் எல்லாருமே. என் மேஜை இழுப்பறை பூராவும் அவர்களுடைய கவர்கள். அவற்றை அவரவர் கையில் கொடுக்கும்போது முகத்தைப் பார்க்காமல் கொடுக்கப் பழகிக்கொண்டேன். தபால்காரருக்கு மாடிப்படி ஏறி ஏறி முட்டி வலி வந்துவிட்டது. மூச்சு வாங்கிக்கொண்டே தபால் கட்டை மேஜை மேல் வைப்பார்.

“இன்னாமா, போன மாசம் கட்டிக்குடுத்து அனுப்பன பொண்ணுங்க அத்தினியும் அப்பன் வூட்டுக்கே திரும்பிடுச்சி போல.”

மலையிலிருந்து ஒரு கடல்

கல்வராயன் மலையில், வெள்ளிமலைக்கும் அப்பால் ஒரு பள்ளிக்கூடத்தில் ஆறுமுகம் என்று ஒரு வாத்தியார் இருந்தார். சம்பளத்தன்று கீழே இறங்குவார். தோள் பையில் ஒரு பக்கம் மலை நெல்லிக்காய், ஒரு பக்கம் கவிதை. அவர் எழுதியது எல்லாமே கடலைப் பற்றி. அலை, படகு, கரையில் காயும் வலை. எங்கே பார்த்தீர்கள் என்று கேட்டால், இன்னும் பார்க்கவில்லை என்பார். மலையிலிருந்து கவிஞர் கிடைப்பதே அபூர்வம் என்று ஆசிரியர்கள் ஆசையாகப் பதில் போடுவார்கள்: மலை வாழ்க்கையை எழுதி அனுப்புங்கள், உடனே வெளியிடுகிறோம். ஆறுமுகம் வாத்தியார் அதற்கும் கடலையே அனுப்புவார். அதுவும் திரும்பி வரும்.

ஒருதடவை எனக்கே பொறுக்கவில்லை. சார், ஒரே ஒரு தடவை அந்த மலையை எழுதிக் கொடுத்துவிடுங்கள், பெயர் வந்துவிடும் என்றேன். சிரித்துக்கொண்டே நெல்லிக்காயை மேஜையில் கொட்டினார். பிறகு மாற்றலாகிப் போய்விட்டார். கடலைப் பார்த்தாரா இல்லையா என்று தெரியவில்லை. பார்க்காமல் இருந்தால் நல்லது என்று சில சமயம் தோன்றும். நெல்லிக்காயைக் கொட்டியபடி அன்றைக்கு அவர் சொன்ன பதில் அப்படி.

“மலையத்தான் தெனம் பாத்துக்கினு இருக்கறனே டீச்சர், அத எழுதறதுக்கு ஏக்கம் எங்கேந்து வரும்?”

எல்லாரும் ஒரே ஆள்

எங்கள் நிலையத்தில் தமிழ் மெஷின் ஒன்றே ஒன்று. அதில் றகரம் மட்டும் கொஞ்சம் ஏறி விழும். மற்ற எழுத்தெல்லாம் வரிசையில் உட்கார்ந்திருக்க, இது மட்டும் எக்கிப் பார்க்கும். விழுப்புரத்திலிருந்து வந்த மெக்கானிக், இதற்கு மேல் வளைத்தால் உடைந்துவிடும் என்று கைகழுவிவிட்டார். மனுவில் அது யார் கண்ணுக்கும் படாது. கவிதையில் படும். ‘காற்று’ என்ற சொல் இல்லாமல் கவிதை எழுத எங்கள் ஊரில் யாருக்கும் தெரியாதே.

அந்த மெஷினில்தான் ஒரு மத்தியானம் என் கவிதையையும் அடித்தேன். என் அம்மாவின் காலைப் பற்றியது. அம்மா எங்கள் ஊரில், குத்தகைக்கு எடுத்த கொல்லைக்காட்டில் வேலை செய்கிறவள்.

*கல்யாண வீட்டில்*
*அம்மா காலை மடக்கிப்*
*புடவைக்குள் ஒளித்து உட்காருவாள்.*
*தேய்த்துத் தேய்த்தும் போகவில்லை,*
*நகக்கண்ணில் எங்கள் கொல்லையின் கறுப்பு.*

இப்படித் தொடங்கி இன்னும் கொஞ்சம் போகும். அடித்து முடித்ததும் யாருக்காவது படித்துக் காட்ட வேண்டும்போல் இருந்தது. அந்த நேரம் பார்த்து வந்தவர் சேகர். படித்தேன். இன்னொரு தடவை என்றார். படித்தேன். ஜன்னலைப் பார்த்துக்கொண்டு நின்றார். எனக்குக் கிடைத்த பாராட்டுகளில் அதுதான் பெரியது. ‘நைனார்பாளையம் தேன்மொழி’ என்று ஊர்ப் பெயரோடு கையெழுத்துப் போட்டு, மலர்மதியைப் பாராட்டிய அதே பத்திரிகைக்கு அனுப்பினேன். அதன் ஆசிரியர் தெரிந்தவர் மாதிரி ஒரு நினைப்பு.

பதில் சீக்கிரமே வந்தது. ‘ஐயா, கவிதை நன்று. ஆனால் பெண் பெயரில் ஒருமுறை ஏமாந்தோம், மறுமுறை ஏமாறோம். மலர்மதியின் முகவரியே தங்கள் முகவரி. மலர்மதியின் றகரம் ஏறி நிற்கும். தங்கள் றகரமும் ஏறி நிற்கிறது. அந்த முகவரியிலிருந்து வரும் அத்தனை பேரும் ஒரே ஆள் என்று அறிவோம். உண்மைப் பெயரில் அனுப்பினால் வெளியிடுவோம்.’ உண்மைப் பெயரே அதுதான் என்று யாரிடம் போய் முட்டிக்கொள்வது? சேகரிடம் கடிதத்தைக் காட்டினேன். முதலில் சிரித்தார். என் முகத்தைப் பார்த்ததும் குரல் இறங்கிப்போயிற்று.

“நம்ம எல்லாரும் ஒரே ஆளுன்னா, அந்த ஆளு எங்க டீச்சர் இருக்கான்? நானே போயி அவங்கால்ல வுழறேன், ஒங்கள வுட்டுடச் சொல்லி.”

சான்றிதழ்

நான்தான் பெண், நான்தான் தேன்மொழி என்று நீளமாக எழுதிப் போட்டேன். அதையும் அந்த மெஷினில் அடித்ததுதான் என் புத்திசாலித்தனம். ‘அரசு அலுவலர் ஒருவரின் சான்று இணைக்கவும்’ என்று ஒரே வரியில் பதில் வந்தது. போட்டோ அனுப்பக் கூடாதா என்பீர்கள். கல்யாணமாகாத பெண்ணின் போட்டோ தரகர் பையில்தான் போகலாம், தபாலில் போகக் கூடாது என்பது எங்கள் வீட்டுச் சட்டம். அதோடு, அக்கா போட்டோவை ஒட்டி அனுப்பிய கவிஞரும் அந்தக் காலத்தில் இருந்தார். ஆசிரியர் அதையும் பார்த்திருப்பார்.

எங்கள் கிராம நிர்வாக அலுவலரை, வி.ஏ.ஓ.வைப் பார்க்கப் போனேன். வாசலில் திருவிழாக் கூட்டம். இடஒதுக்கீடு வரப்போகிறது என்ற பேச்சில், பிள்ளை பெற்றவர்கள் எல்லாம் சாதிச் சான்றிதழுக்கு நின்றுகொண்டிருந்தார்கள். என் முறை வந்ததும் அவர் நிமிராமலே தந்தை பெயர், சாதி என்று எழுத ஆரம்பித்துவிட்டார். அது இல்லைங்க, நான் பெண்தான் என்று ஒரு சான்று வேண்டும் என்றேன். பேனா நின்றது. பின்னால் நின்ற கூட்டம் கேட்பதற்காக இன்னும் நெருங்கி வந்தது. காரணத்தைச் சொன்னேன். அவர் சிரிக்கவில்லை. உண்மையிலேயே வருத்தப்பட்டார் என்றுதான் நினைக்கிறேன்.

“நீ இன்னா சாதின்னு கேளு, கண்ண மூடிக்கினு எழுதித் தரேன். நீ பொம்பளன்னு எழுதித்தர கவருமெண்ட்டுல ஃபாரமே கெடையாதேம்மா.”

மரம் விழுந்த வழி

ஆசிரியருக்கும் கொஞ்சம் மனசு இளகியதோ என்னவோ, அவரே ஒரு வழி சொன்னார். கள்ளக்குறிச்சியில் பத்திரிகையின் சார்பில் ஒரு கவியரங்கம் வைக்கிறோம், ‘தேன்மொழி என்று ஒருவர் இருந்தால்’ நேரில் வந்து வாசிக்கட்டும், அடுத்த இதழில் முதல் பக்கத்தில் போடுகிறேன் என்றார். எனக்கு ஒரு வாரம் சோறு இறங்கவில்லை. அம்மாவிடம் மட்டும் சொன்னேன். கவியரங்கம் என்றால் என்ன என்று கேட்டாள். மைக்கில் படிப்பது என்றேன். தன் கல்யாணப் புடவையைப் பெட்டியிலிருந்து எடுத்து வெயிலில் போட்டாள்.

அதற்கு முதல் நாள் ராத்திரி, இடஒதுக்கீட்டு மறியலுக்காகச் சாலையோர மரங்களை வெட்டிப் போட்டுவிட்டார்கள். நைனார்பாளையத்திலிருந்து பஸ் கிடையாது. எங்கிருந்தும் எங்கேயும் கிடையாது. நான் அந்தப் புடவையைக் கட்டிக்கொண்டு நடந்தே கிளம்பினேன். சாலையில் புளியமரங்கள் குறுக்கும் நெடுக்குமாகக் கிடந்தன. முதல் மரத்தைத் தாண்டினேன். அடுத்ததில் புடவை கிழிந்தது. அதற்கடுத்த மரத்தின் மேல் என் சித்தப்பாவே உட்கார்ந்திருந்தார். பக்கத்தில் அவர் மகன், பி.ஏ. முடித்துவிட்டுக் கரும்பு வெட்டிக்கொண்டிருந்தவன். மேற்கொண்டு போகாதே, அந்தப் பக்கம் போலீஸ் அடித்துக்கொண்டிருக்கிறது என்றார்கள். கவியரங்கம் என்று சொன்னேன். தம்பி தரையைப் பார்த்தான். அவன் முகத்தைப் பார்த்த பிறகு என்னால் வழக்காட முடியவில்லை. சித்தப்பா எழுந்து வந்து, என்னை ஊர் எல்லை வரைக்கும் கொண்டுவந்து விட்டார். அவர் பேசியது ஒரே ஒரு பேச்சு.

“இவனுக்கு ஒரு வேல, ஒனக்கு ஒரு கவித. ரெண்டும் ஒரே ரோட்டுலதான் போவணும்னு எவன் தலையில எழுதனானோ, வாம்மா வூட்டுக்கு.”

கவியரங்கம் நடந்த கதை

கவியரங்கம் நடக்காது என்றுதான் நினைத்திருந்தேன். நடந்திருக்கிறது. ஆசிரியர் முந்தின நாளே வந்து லாட்ஜில் மாட்டிக்கொண்டார். பஸ் இல்லாமல் ஊரில் தவித்துக்கொண்டிருந்த பயணிகள், போவதற்கு வேறு இடம் இல்லாமல் வந்து உட்கார்ந்துவிட்டார்கள். எங்கள் பத்திரிகைகளின் சரித்திரத்தில் அவ்வளவு கூட்டம் கூடியதே இல்லை. கவிஞர்களில் வந்தவர் உரக்கடையில் படுத்திருந்த சேகர் ஒருவர்தான். பஸ் ஓட ஆரம்பித்து, நான் வேலைக்குப் போன அன்று, படியிலேயே காத்துக்கொண்டிருந்தார். முகம் பேயறைந்த மாதிரி இருந்தது. நின்றுகொண்டே எல்லாவற்றையும் சொன்னார்.

‘நைனார்பாளையம் தேன்மொழி’ என்று ஆசிரியர் கூப்பிட்டாராம். யாரும் எழவில்லை. பார்த்தீர்களா, எனக்கு அப்போதே தெரியும் என்று சிரித்தாராம். சேகருக்குப் பொறுக்கவில்லை. எழுந்து, அப்படி ஒரு பெண் இருக்கிறார், வழியில்லாமல் வரவில்லை, இது அவர் எழுதியது என்று சொல்லி, என் கவிதையை ஒரு சொல் பிசகாமல் மனப்பாடமாகச் சொல்லியிருக்கிறார். கூட்டத்தில் ஒரு கிழவர் அழுதாராம். ஆசிரியர் மேடையை விட்டு இறங்கி வந்து சேகரைக் கட்டிக்கொண்டார். நீங்கள் யார் என்று கேட்டார். இவர் பொய் சொல்லத் தெரியாதவர், மலர்மதி என்ற பெயரில் முன்பு எழுதியது நான்தான் என்று சொல்லிவிட்டார். அதற்கப்புறம் கேட்க வேண்டுமா? தேன்மொழியும் இவரேதான் என்று முடிவு கட்டிவிட்டார்கள். பக்கத்து ஸ்டூடியோக்காரரைக் கூப்பிட்டு, எல்லாரையும் நிற்க வைத்துப் போட்டோவும் எடுத்தார்களாம்.

“நான் நீங்க இல்லன்னு எங்காத்தா மேல சத்தியமே பண்ணேன் டீச்சர். அதுக்கும் கை தட்டறாங்க.”

முதல் பக்கம்

இதழ் வந்தது. ஆசிரியர் வாக்குத் தவறவில்லை. முதல் பக்கத்தில், கட்டம் கட்டி, என் கவிதை. கீழே ‘நைனார்பாளையம் தேன்மொழி’. மேலே, கூட்டப் படத்திலிருந்து வெட்டி எடுத்த சேகரின் முகம். மீசை நன்றாக விழுந்திருந்தது.

திருத்தம் போடச் சொல்லிக் கையாலேயே எழுதினேன். இந்தத் தடவை றகரம் ஒழுங்காகத்தான் உட்கார்ந்திருந்தது. கடிதம் திரும்பி வந்தது. பத்திரிகை அந்த இதழோடு நின்றுவிட்டது. வேறு பத்திரிகைக்கு அனுப்பலாம் என்றால், தேன்மொழி என்றால் உரக்கடைக்காரர் என்று எல்லாருக்கும் தெரிந்துபோயிருந்தது. சேகர் அதற்குப் பிறகு எங்கள் மாடிப்படி ஏறவில்லை. நான் உரக்கடைக்கே போய், உங்கள் மேல் எனக்குக் கோபம் இல்லை என்று சொன்னேன். தலையாட்டினார். ஆனாலும் வரவில்லை. கொஞ்ச நாளில் வேலையை விட்டுவிட்டு ஊருக்கே போய்விட்டாராம். எழுதுவதையும் விட்டுவிட்டார் என்று கேள்வி. கவிதை போனதைவிட அதுதான் எனக்குப் பெரிய துக்கம். ஜன்னலைப் பார்த்துக்கொண்டு நின்று என் கவிதையைக் கேட்க, அப்புறம் ஒரு ஆள் எனக்குக் கிடைக்கவே இல்லை.

இனித் திருத்தம் வராது என்று தெரிந்த பிறகு, ஒருநாள் சாயங்காலம் இதழை அம்மாவிடம் எடுத்துப் போனேன். அம்மாவுக்குப் படிக்கத் தெரியாது. கிணற்றடியில் கால் கழுவிவிட்டு வந்து உட்கார்ந்தாள். கட்டை விரலை வைத்துப் படத்தை மறைத்துக்கொண்டு, முழுக் கவிதையையும் படித்தேன். முடிக்கும்போது பார்த்தால், அம்மா காலை மடக்கிப் புடவைக்குள் இழுத்துக்கொண்டிருந்தாள். உம்பேரு எங்க இருக்குது, காட்டு என்றாள். விரலை எடுத்துக் கீழே காட்டினேன். பெயரை அவள் பார்க்கவில்லை. படத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். இந்தக் கவிதையை அச்சடித்தவர்கள், படித்தவர்கள், கை தட்டியவர்கள் யாருக்கும் தோன்றாத ஒன்றைக் கேட்டாள்.

“இந்த ஆளு எங்கால எப்படி பாத்தாரு தேனு?”

கவிதை எழுதினால் ஊருக்குள் ஒரு பெயர் கிடைக்கும் என்பார்கள். எனக்கும் கிடைத்தது, முகம்தான் வேறு ஆளுக்குப் போய்விட்டது.